கிருஷ்ணப்பிரியா வரட்டும்

வாக்குச்சாவடி மூட இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. கிருஷ்ணப்பிரியாவைக் காணோம்.

கொரட்டூரில் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, புங்கமரத்தடியில், அனுசுயா பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். பச்சை சுடிதாரில் வருவேன் என்று அவள் எழுதியிருந்ததால், பச்சை எது வந்தாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இதுவரை ஏழு பச்சை வந்து, ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டது.

இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

நான்கு மாதத்துக்கு முன், மழைத் தண்ணீரில் படகில் வந்து படம் எடுத்துக்கொண்டு போன தலைவர் ஒருவரை அனுசுயா பேஸ்புக்கில் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். வீட்டுக் கட்டில் வரைக்கும் தண்ணீர் ஏறிய ஆத்திரம். அதற்குக் கீழே ஒருத்தி எழுதினாள்: "நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை சகோதரி."

அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அனுசுயா டிபன் டப்பாவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, "மதிய உணவு உண்டீர்களா?" என்று வந்துவிடும்.

இந்தக் காலத்தில் யார் உணவு உண்கிறார்கள்? நன்றாகப் படித்த பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் அனுசுயா. தானும் கொஞ்சம் இலக்கணமாக எழுதப் பார்த்தாள்.

புருஷன் போய் ஆறு வருஷம். மகள் ஜோதிகா ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், குக்கர் விசில் வந்தால் வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அப்படி ஆள் இருப்பவர்களுக்குத் தெரியாது.

குரலைக் கேட்டதில்லை. தொண்டையில் ஆபரேஷன் என்றாள் கிருஷ்ணப்பிரியா. பாவம் என்று அனுசுயா திருவேற்காட்டுக்குப் போனாள். அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டு அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. சாமி பெயருக்கே செய்துவிட்டு வந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். எந்தத் தலைவனையும் நம்பக்கூடாது. வெளிநாட்டில் எவனோ உட்கார்ந்துகொண்டு பொய்ப்பெயரில் நம் ஊர்த் தேர்தலைக் குழப்புகிறான் என்று போன வாரம் டிவியில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் சேர்ந்தே சொன்னபோது, அனுசுயா வயிறு குலுங்கச் சிரித்தாள். தோற்பதற்கு முன்னாலேயே சாக்குத் தேடுகிறார்கள். அதை எழுதி அனுப்பினாள். கிருஷ்ணப்பிரியா சிரிக்கிற பொம்மை நான்கு அனுப்பினாள்.

ஓட்டுப் போடாதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அனுசுயா சண்டைக்குப் போயிருப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தேர்தலையும் விட்டவள் இல்லை.

அவள் சொன்னது இதுதான்: "நானும் உங்கள் பள்ளியில்தான் வாக்களிக்கிறேன். இருவரும் சேர்ந்தே உள்ளே செல்வோம். என்னை விட்டுவிட்டுப் போகக்கூடாது. சத்தியம் செய்யுங்கள்."

அனுசுயா செய்தாள். சேர்ந்து போகலாம் என்று அவளை யாராவது கூப்பிட்டே எவ்வளவு நாளாயிற்று.

பகலெல்லாம், எப்போது கேட்டாலும், "பேருந்தில் இருக்கிறேன், இதோ வந்துவிடுகிறேன்" என்று பதில் வந்தது. ஓட்டைப் போட்டுவிட்டு வந்து காத்திருக்கலாம்தான். ஆனால் போனை உள்ளே விடமாட்டார்கள். யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போன நேரத்தில் அவள் வந்து, தேடி, காணாமல் திரும்பிவிட்டால்?

வாசலில் நின்ற போலீஸ்காரர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ஓட்டுப் போட வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா? ஆறு மணிக்குள்ள வரிசைல கீறவங்களுக்குத்தான் டோக்கன். அப்பால வந்து அழுவாத."

"தோ, ஒரு நிமிசம் சார். என் ஃப்ரண்டு வந்துகினு கீது."

ஃப்ரண்டு என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆறு மணி ஆயிற்று. வரிசையின் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டே போனார்கள். கேட்டை இழுத்து மூடினார்கள்.

அனுசுயாவுக்கு அழுகை வந்தது. ஓட்டு போனதற்காக இல்லை. அந்தப் பெண்ணுக்கு வழியில் என்ன ஆயிற்றோ என்று. இலக்கணமெல்லாம் மறந்துபோய், "கேட்ட மூடிட்டாங்க, பரவால்ல, நீ பத்திரமா வா" என்று தட்டி அனுப்பினாள்.

போகவில்லை. மறுபடி அனுப்பினாள். இப்படி ஒரு கணக்கே இல்லை என்றது போன். அவள் வைத்திருந்த ரோஜாப்பூப் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

பக்கத்தில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவரும் தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலிலும் மை இல்லை. தெருவை ஒரு தடவை பார்த்தார். அனுசுயாவைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"யம்மா, தப்பா நெனச்சிக்காத. நீதான் கிருஷ்ணப்பிரியாவா?"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும், மரத்தடியில் தனித்தனியாக நின்றிருந்த இன்னும் ஐந்து பேர் ஒன்றாகத் திரும்பி அனுசுயாவைப் பார்த்தார்கள்.