ஒற்றை ஆள் வீட்டுச் சுவர்

பொதுச் சமையலறையில் அன்று ஞானதுரையின் முறை. தன் ஜோக்குக்குத் தானே சிரித்த மும்முரத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். குடியிருப்பே முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, "பிரமாதம் சார்!" என்றது. அதைக் கேட்டதும்தான் அவர் அவசரமாக ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தார். அங்கே யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். கைபேசியில் சத்தமில்லாமல் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தியவர்கள் அதிகமானால் அந்த ஆளின் வீட்டுச் சுவர் உள்ளே நகரும். அந்த இடம் பொதுக் கூடத்தோடு சேர்ந்துவிடும்.

காலையில் சுவர் கட்டிலை முட்டிக்கொண்டு நின்றது. ஒற்றைக் கட்டைக்கு இதுவே அரண்மனை என்று தன்னையே கிண்டல் செய்தபடி, வீடு வீடாகப் போய் உப்புக்கு மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் காபி கொடுத்தார்கள். "சுவரா? கவனிக்கலையே சார்!" என்றார்கள்.

எதிர்வீட்டு மரகதவல்லி மட்டும் கதவைச் சாத்திவிட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"உப்ப யாருண்ணே மனசுல வெச்சிருக்கா? என் பொண்ணு வளைகாப்புக்குக் கூடம் பத்தல. எல்லாரும் அழுத்தினோம், நானும்தான். யார் வீட்டுல எடுக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, ஏன்னு கேக்க ஆளில்லாத வீடு உங்களோடதுதான். இப்ப பாதிதாண்ணே நகர்ந்திருக்கு."