பெற்றோல் வான்

"நானா, இதில யோசிக்க என்ன கிடக்கு? டீசல் வானை எடுங்கோ."

ஓமந்தை றோட்டோரத்தில் இரண்டு பழைய வான்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காட்டில் தங்கி நிலம் அளக்கிறவர்கள் ஒருகாலம் பாவித்தவை. இரண்டிலும் உள்ளுக்குள் ஒரு பலகைக் கட்டில், யன்னலுக்குத் திரை, அடுப்பு வைக்க ஒரு தட்டு. ஒன்று பெற்றோல், மற்றது டீசல்.

வாங்க வந்தவர் பொட்டணி வியாபாரி மீராசாகிபு. முல்லைத்தீவிலிருந்து சீலை மூட்டையோடு பஸ்ஸில் வந்து, குடியேற்றக் கிராமங்களில் வீடு வீடாக நடந்து விற்கிறவர். முழங்கால் இனி நடக்க விடாது. வானிலேயே சமைத்துப் படுத்து, ஒரு கிழமை சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணம். இளவயதில் லொறி ஓட்டியவர், ஓட்டம் மறக்கவில்லை.

டீசலை எடுக்கச் சொன்னவர் கண்டாவளைக் கமக்காரன் அப்புத்துரை. அந்தப் பக்கம் போனால் மீராசாகிபுவுக்கு அவர் வீட்டு விறாந்தையில்தான் சாப்பாடும் படுக்கையும். அவ்வளவு சிநேகிதம். அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

வான்களின் சொந்தக்காரர் யோகலிங்கமும் அதையே சொன்னார். "விலை ரெண்டுக்கும் ஒண்டுதான். டீசல் எண்டால் ஒரு கலன் எண்ணெய்க்குக் கூடத் தூரம் ஓடும். சத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெற்றோல் வானை எடுத்தால் உங்கட லாபத்தை அதுவே குடிச்சிடும்."

"அதோட, பெற்றோலுக்கு நீங்கள் ரவுணுக்குத்தான் ஓடவேணும்" என்றார் அப்புத்துரை. "டீசல் என்ர வீட்டிலயே பீப்பாவில கிடக்கு. உழவு மெசினுக்கும் தோட்டத்துக்கு இறைக்கிற மெசினுக்கும் வாங்கி வைக்கிறனான். வாற நேரமெல்லாம் ஊத்திக்கொண்டு போங்கோ. உங்களிட்டக் காசு கேப்பனே?"

மீராசாகிபு சிரித்தார். இரண்டு வானையும் கொஞ்சத்தூரம் ஓட்டிப் பார்த்தார். பெற்றோல் வான் ஏற்றத்தில் ஏறமாட்டாமல் திணறியது. டீசல் வான் நல்லாகத்தான் ஓடியது. அதிலிருந்து இறங்க அவருக்கே மனம் வரவில்லை, சுக்கானைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார்.

பிறகு இறங்கி வந்து யோகலிங்கத்திடம் சொன்னார்.

"பெற்றோல் வானைத் தாங்கோ."

அப்புத்துரைக்கு முகம் கறுத்துப்போனது. கண்டாவளை வரும்வரை வானின் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டடியில் இறங்கும்போது மட்டும் கேட்டார். "என்ர டீசல் வேண்டாமோ, நானா?"

"அப்பிடி இல்லை, அப்புத்துரை. எனக்கு இதுதான் சரிவரும்."

அதற்கு மேல் மீராசாகிபு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அப்புத்துரையை இன்னும் சுட்டது.

"என்ர வீட்டுச் சோறு வேணும், என்ர டீசல் கூடாது" என்று வாய்க்கால் வரம்பில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னார்.

"வியாபாரம் செய்யிற மனுசன் இப்பிடிக் கணக்கில பிழை விடுவாரோ?" என்றார் பக்கத்து வயல்காரர் ஏரம்பு. "உம்மட்டக் கைநீட்ட அவருக்கு வெக்கமாக்கும். வான்காரர் ஆகிட்டார் எல்லோ."

அடுத்தமுறை வான் வந்து படலையில் நின்றபோது அப்புத்துரை வெளியே வரவில்லை. மீராசாகிபு கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட மரநிழலில் கொண்டுபோய் வானை விட்டார். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார். பிறகு அதுவே வழக்கமானது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். வெயில் கொளுத்தியது. அப்புத்துரையின் மனைவி கமலாசனி படலைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வான் றோட்டோரத்தில் நின்றது. மீராசாகிபு வெறும் எண்ணெய்த் தகரத்தோடு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, நானாவுக்குப் பெற்றோல் முடிஞ்சுபோச்சுது போல."

அப்புத்துரை கதிரையை விட்டு எழும்பவில்லை. "டீசல் எண்டால் இப்ப இஞ்ச ஊத்திக்கொண்டு போயிருக்கலாம். பெருமைக்காரர் வெயிலில நிக்கட்டும்."

கமலாசனி ஒரு செம்பு மோரோடு றோட்டுக்குப் போனாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நானா, உண்மையைச் சொல்லுங்கோ. இவர் உங்களுக்கு என்ன பிழை செய்தவர்?"

மீராசாகிபு செம்பைத் திருப்பிக் கொடுத்தார். சொல்வதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"போன வருசம் இதே மாசம் உங்கட மிளகாய்த் தோட்டம் பாதி கருகினது எல்லோ, தங்கச்சி?"

"ஓம். டீசல் முடிஞ்சு இறைக்க ஏலாமல் போச்சு. கடைக்கும் வந்து சேரேல்லை."

"டீசல் முடியேல்லை. பீப்பாவில கொஞ்சம் கிடந்தது. அண்டைக்கு ஆரோ ஒரு லொறிக்காரன் பெண்சாதி பிள்ளையளோட வழியில நிண்டு கேட்டவன். முன்பின் தெரியாதவன். அப்புத்துரை பீப்பாவைச் சரிச்சு முழுதையும் அவனுக்கு ஊத்திவிட்டவர். நான் விறாந்தையில இருந்து பாத்தனான். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

கமலாசனி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்புத்துரை இந்தப் பக்கம் பார்க்காமல், கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதை அவரிட்டயே சொல்லியிருக்கலாமே, நானா?"

"சொன்னால் எனக்கெண்டு இன்னொரு பீப்பா வாங்கி வைப்பார்."

பஸ் தூரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மீராசாகிபு தகரத்தைக் கையில் எடுத்தார்.

"டீசல் வான் எண்டால் நான் கேக்காட்டியும் ஊத்துவார், தங்கச்சி. தோட்டம் காய்ஞ்சாலும் ஊத்துவார். அந்த மனுசனுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது. அதுதான், அவற்ற பீப்பாவில கிடக்கிற எண்ணெயில ஓடாத வானாப் பாத்து வாங்கினனான்."