மிச்சமிருந்த சொல்

பக்கவாதம் சங்கரலிங்கத்தின் பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, 'போ' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அவர் வாயில் விட்டுவைத்தது. தண்ணீருக்கும் போ, புரட்டிப் படுக்க வைக்கவும் போ, பேத்தியைக் கொஞ்சவும் அதே போதான். எந்தப் போவுக்கு என்ன அர்த்தம் என்று மனைவி செண்பகத்துக்கு அடுப்படியிலிருந்தே தெரியும். தெரிந்து தெரிந்தே அவளுக்கு அலுத்துவிட்டது. நாத்தனார் வந்திருந்த அன்று, இனித் திரும்புவதில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டு பையை எடுத்தாள். ஆனாலும் வாசற்படியில் வாய்ப் பழக்கம் விடவில்லை.

"போயிட்டு வரேங்க."

"போ" என்றார் அவர்.

"அதான் அண்ணனே சொல்லிட்டாரே, நிம்மதியாக் கிளம்புங்க மதினி" என்றாள் நாத்தனார்.

செண்பகம் பையோடு அப்படியே நின்றாள். அது தண்ணீர் கேட்கிற போ.