ஐந்தாவதற்குப் பிறகு

ஊர்த்தலைவர் தர்சோனோ சிவப்பு அட்டைக் கோப்பை லுக்கித்தோவின் கையில் திணித்தார்.

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு வாத்தியாரே, பஞ்சசீலத்தை நீங்களே வாசிச்சிடுங்க. வீட்டுக்காரம்மா விஷயத்தை விழா முடிஞ்சதும் பேசிக்கலாம். நான் இருக்கேன்ல?"

லுக்கித்தோவின் மனைவி செகார்சி இறந்து இது இரண்டாம் நாள். வீட்டுக் கூடத்தில் பனிக்கட்டிகளுக்கு நடுவே கிடந்தாள். கட்டிகள் மதியம்வரை தாங்கும் என்று ஐஸ்காரன் சொல்லியிருந்தான்.

ஊர் இடுகாட்டில் ஆறடி இடம் கேட்டு, கணவன் என்ற முறையில் லுக்கித்தோ நேற்றே மனு கொடுத்திருந்தான்.

ஜூன் முதல் தேதி, இந்தோனேசியாவின் பஞ்சசீல நாள். பள்ளி மைதானத்தில் முந்நூறு பேர். மேலே கொடி அசையாமல் தொங்கியது.

ஒருவர் வாசிக்க, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பிலிருந்து பழகியது. யாரும் யோசிப்பதில்லை.

ஒன்று, ஒரே இறைவன்மீது நம்பிக்கை என்றான். மைதானம் திருப்பிச் சொன்னது.

மானுடம், ஒற்றுமை, மக்களாட்சி. அவன் குரல் யாருடையதோ போல ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

ஐந்து, இந்தோனேசிய மக்கள் அனைவருக்கும் சமூக நீதி.

தொண்டை கட்டிய தலைவரின் குரல்தான் எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது.

தாளைப் புரட்டினான். அடியில் இன்னொரு தாள். அலுவலகத்தில் உருப்படியான கோப்பு இது ஒன்றுதான். எல்லாக் காகிதமும் இதற்குள்தான் போகும்.

அவனுடைய மனு.

குறுக்கே பச்சை மையில் எழுதியிருந்தது: 'அடையாள அட்டையில் மதம் இல்லாதவருக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை.' கீழே தர்சோனோவின் கையெழுத்து. நேற்றைய தேதி.

கோப்பை மூடியிருக்கலாம். குரல் நிற்கவில்லை.

"பெயர், செகார்சி."

"பெயர், செகார்சி" என்றது மைதானம்.

"வயது, இருபத்தாறு."

"வயது, இருபத்தாறு."

"மதம்."

"மதம்."

அவளும் அவள் அம்மாவும் கும்பிட்டு வந்ததற்கு அரசாங்கப் பட்டியலில் பெயர் கிடையாது. அடையாள அட்டையைப் போலவே மனுவிலும் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

கோட்டை எப்படி வாசிப்பது என்று லுக்கித்தோவுக்குத் தெரியவில்லை.

முந்நூறு பேரும் அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றார்கள். தர்சோனோவின் வாய் பாதி திறந்திருந்தது.