ஊறுகாய்

இளசுகள் பேசும் தமிழ் வாராவாரம் மாறிவிடுவதால், தூத்துக்குடி இன்னாசியும் மற்ற தகப்பன்மாரைப் போலக் காதில் பொருள்சொல்லிக் கருவியை மாட்டிக்கொண்டுதான் மகளிடம் பேசுவார். புதுச் சொற்களை ஏற்றட்டுமா என்று அது கேட்டால் மட்டும் 'அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிவிடுவார்.

அன்றைக்குக் கோவையில் வேலை பார்க்கும் மகள் மெர்லின் கூப்பிட்டாள். "எப்பா, ஆபீஸ்ல என்னைய ஊறுகாயாக்கிட்டாங்கப்பா."

"ஊறுகாய்: ஓரமாக உட்கார்ந்து சும்மா சம்பளம் வாங்கும் ஆள்" என்றது கருவி.

இன்னாசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏட்டி, கொடுத்து வச்சவ நீ! ஊறுகாய்னா யாருக்குத்தான் பிடிக்காது?"

"சரிப்பா" என்று மெர்லின் வைத்துவிட்டாள்.

அந்த 'சரிப்பா' அவருக்குச் சரியாகப் படவில்லை. புதுச் சொற்களை ஏற்றச் சொன்னார். கருவி அதே குரலில் சொன்னது: "ஊறுகாய்: மேலதிகாரி நினைத்தபோதெல்லாம் தொட்டுக்கொள்ளும் பெண்."

உடனே மகளைத் திரும்பக் கூப்பிட்டார். "மக்கா, யாருட்டி அவன்? அப்பாட்ட சொல்லு."

"ஒண்ணுமில்லப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குக் கருவி பொருள் எதுவும் சொல்லவில்லை.