பதினாறா, பதினெட்டா?

பதினெட்டு அங்குலச் சக்கரத்தின் முன்னால் பட்டாபி நின்ற நிலையைப் பார்த்தால் சந்நிதியில் நிற்பவர் மாதிரிதான் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

கல்கத்தாவில் பவானிபூரின் அந்த டயர் கடைக்கு அவரும் மனைவி மீராவும் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. துர்கா பூஜை விடுமுறைக்கு இன்னும் பத்தே நாள். ஜீப் மறுபடி மலைக்குப் போகிறது.

கறுப்பு அலாய். அதைச் சுற்றி, இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும், சேற்றில் ஓட்டுகிற முரட்டு மட் டயர். கடைக்காரர் பாபிதா, அதாவது பாபி அண்ணா, அதைத் தட்டிக் காட்டி, எந்தக் கல்லும் இதைக் கிழிக்காது என்று சத்தியம் செய்தார்.

பட்டாபிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கிழியாத டயர்தான் வேண்டும், அழகெல்லாம் அப்புறம் என்று மீராவிடம் சொல்லியிருந்தார். அதில் பாதி பொய், பாதி உண்மை.

உண்மையான பாதி போன டிசம்பரில் நடந்தது.

டார்ஜிலிங்கைத் தாண்டி, கரடுமுரடான ஓர் ஏற்றத்தில், இடது பக்கத்து டயர்கள் இரண்டும் ஒரே சமயத்தில் கிழிந்தன. இருந்தது ஒரே ஒரு ஸ்டெப்னி. பின் சீட்டில் ஆறு வயது மகள் மேக்னாவுக்கு மூச்சு திணறிக்கொண்டிருந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே இறக்கியாக வேண்டும். போனில் சிக்னல் இல்லை. குழந்தையின் உதடு நீலமாவதைப் பார்த்தபடி, பட்டாபி தனக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

அப்போதுதான் கீழிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. அதே மாடல்.

டிரைவர் இறங்கினார். டயர்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். தன் ஜீப்பின் பின்கதவில் இருந்த ஸ்டெப்னியைக் கழற்றி, தானே மாட்டியும் விட்டார். பெயர் கேட்டதற்குப் பதில் இல்லை. அடிவாரத்து டீக்கடையில் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்டெப்னி இல்லாமலே மேலே போய்விட்டார்.

மேக்னா பிழைத்தாள். இந்த நேரம் பள்ளிக்கூடத்தில் பூஜைக்காக ஒரு பெங்காலிப் பாட்டைக் கத்திக்கொண்டிருப்பாள். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாமல் பட்டாபி ஒரு நாளும் படுத்ததில்லை.

ஆனால் இன்னொரு முறை பிறத்தியார் தயவில் நடு மலையில் நிற்க முடியாது. அதற்குத்தான் இந்தப் பதினெட்டு.

மீரா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூலையில் இருந்த பதினாறு அங்குல இரும்புச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றாள். கம்பெனியிலிருந்து வரும்போதே வண்டியில் இருக்கிற அளவு. பட்டாபி அதற்கு வைத்திருந்த பெயர் தண்ணி லாரிச் சக்கரம்.

அந்த மலையில் ஓடும் ஜீப்புகளில் பெரும்பாலும் என்ன அளவு என்று அவள் பாபிதாவிடம் கேட்டாள்.

பாபிதா யோசிக்கவே இல்லை, மீராவை அண்ணி முறையில் பௌதி என்று கூப்பிட்டுச் சொன்னார். பதினாறுதான், பௌதி. கல்லுக்கும் தாருக்கும் பொதுவாக ஒரு டயர் வருகிறது, பக்கம் தடிமன், அதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். இந்தப் பெரியதைப் போட்டால் வண்டியையே கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசும்.

பட்டாபிக்குச் சுருக்கென்றது. பத்து மாதம் கண் விழித்து வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானம் எல்லாம் ஒரே கேள்வியில் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஊர்ல இருக்கிறவா அளவு நமக்கெதுக்கு? நம்ம வண்டிக்குச் சரியா இருந்தா போறாதா?"

"ஏன்னா, அன்னிக்கு வந்த ஸ்டெப்னி அந்த டிரைவரோடதே இல்லை. அப்பவே சொன்னேன், உங்க காதுல விழலை."

விழுந்திருக்காது. மறுநாள் முழுக்க அவர் ஆஸ்பத்திரியில் மேக்னாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. வேறு டயர் வாங்கி மாட்டிய பிறகு, சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனது மீராதான்.

டீக்கடைக்கார அம்மாள் சக்கரத்தைப் பார்த்ததும், மறுபடி வந்துவிட்டதா என்று சிரித்தாளாம். அந்த டிரைவர் தன்னுடைய ஸ்டெப்னியை முந்தின வாரமே வேறு யாருக்கோ கழற்றிக் கொடுத்திருந்தார். அதனால் கடை வாசலில் கிடந்த இதை எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். முதலில் இதை வாங்கியது யார் என்று அவளுக்கே தெரியாது. ஆறேழு வருஷமாக இப்படித்தான் மேலே போவதும் வருவதுமாக இருக்கிறது.

அப்படியானால் இது யாருடையது என்று மீரா கேட்டிருக்கிறாள். மேலே எவன் வழியில்லாமல் நிற்கிறானோ அவனுடையது என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் டீ ஆற்றப் போய்விட்டாளாம்.

பட்டாபி மூலையில் இருந்த சக்கரத்தின் பக்கம் வந்தார். ஒரே ஒரு மனிதருக்குத்தான் நன்றிக்கடன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். முகம் தெரியாத இத்தனை பேர் கைமாற்றிக் கைமாற்றி அல்லவா தன் குழந்தையை இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடை என்றும் பார்க்காமல் அழுகை வந்தது, அழுதார்.

பதினெட்டைப் போட்டால் அந்த மலையில் தன் ஸ்டெப்னி யாருக்கும் பொருந்தாது, யாருடையதும் தனக்குப் பொருந்தாது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பதினாறே போடுங்கள் என்றார்.

பாபிதா எண்ணினார். வண்டிக்கு நாலு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஐந்து.

பட்டாபி ஆறு என்றார்.

மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரிலும் வண்டிக்காரர் பெயரைச் சாக்கட்டியால் எழுதிவிடுவது அந்தக் கடை வழக்கம். ஐந்து டயரில் பெங்காலி எழுத்தில் 'பொட்டாபி' என்று எழுதிவிட்டு, பாபிதா ஆறாவதை உருட்டிக்கொண்டு வந்தார். இதில் யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டார்.

பட்டாபி மீராவைப் பார்த்தார்.

பெயர் வேண்டாம் என்றார்.