பதினொரு மணித்தியாலம்

“நேர் பிளேன் ரிப்கா. லண்டன்ல ஏறினா கட்டுநாயக்காலதான் எறக்கம். பதினொரு மணித்தியாலம்தான். நாளைக்கு அஸர் தொழுகைக்கு ஊட்டுல ஈப்பன். அதுவரைக்கும் உம்மாட ஜனாஸாவ எடுக்க வாணாம்.”

மூத்தவர் நஸீப் நானா போனில் அழுதார்.

உம்மா விடியச் சுபஹோடு மௌத்தாகிவிட்டார். குளிப்பாட்டிக் கபன் துணியும் சுற்றியாயிற்று. அலவத்துகொட மையவாடியில் கபுறுக் குழியும் வெட்டியாயிற்று. எங்கள் ஊரில் மையித்தை ராத்திரி வைத்திருக்கும் வழக்கமில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து மகன் வருவதென்றால் பள்ளி நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்துவிடும். முடிவை வாப்பாவிடம் விட்டிருந்தார்கள். வாப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொரு மணித்தியாலம்தானாம்.

ஒன்பது வருஷமாக அது அப்படி இருக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று உம்மா கேட்கும்போதெல்லாம் நானா கணக்குச் சொல்வார். எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். டோஹாவில் இறங்கி இன்னொரு பிளேன். நடுவில் அரை நாள் காத்திருப்பு. அதற்கு மேல் கண்டி ரோட்டு. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்பார். உம்மா தலையாட்டிக் கேட்பார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் நானாவுக்கென்று மூடி வைப்பார். மூன்றாம் நாள் நான்தான் தின்று முடிப்பேன்.

போன வருஷம் நானா குடும்பத்தோடு மாலைதீவுக்குப் போனார். படங்கள் வந்தன. நீலக் கடல், மணலில் பிள்ளைகள்.

“மகள், இது எங்க ஈக்கி?” என்று உம்மா கேட்டார்.

அதுவும் தூரம்தான் என்றேன்.

அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒன்றரை மணித்தியாலம். நாங்கள் கண்டியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவர் வந்து இறங்கியிருப்பார். அதை நான் உம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இப்போது நேர் பிளேன் வந்துவிட்டது. அது எப்போதும் இருந்ததுதான்.

நான் வாப்பாவின் பக்கம் திரும்பி, ஜனாஸாவை எடுக்கச் சொன்னேன். முற்றத்தில் நின்றவர்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க உள்ளே வந்தார்கள்.

நானாவுக்கு அது கேட்டுவிட்டது. பழிவாங்குகிறாய் என்றார். கல்நெஞ்சுக்காரி என்றார். கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட விடமாட்டாயா என்று கத்தினார்.

என் விருப்பப்படி என்றால் வைத்திருப்பேன். வந்து பார்க்கட்டும், பார்த்து நெஞ்சு வெடிக்கட்டும் என்று ஒரு வாரம்கூட வைத்திருப்பேன்.

“உம்மா நேத்தே சொல்லிட்டா நானா. ‘எனக்கு ஒண்டு ஆகினா நஸீபுக்காக வெச்சிக்கிட்டு ஈக்க வாணாம். பாவம், அவனுக்கு சரியான தூரம்’ண்டு.”